மதத்தை விட்டு விலகிவிட்டேன், பிரார்த்தனையை விட முடியவில்லை

தனிநடை எழுதியது:

வணக்கம். நான்கைந்து ஆண்டுகளாக இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்று யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருக்கிறது.

வயது நாற்பத்து மூன்று. பிறந்ததிலிருந்து ஒரே மதம், ஒரே வழிபாட்டு இடம். எந்த மதம் என்று சொல்லவில்லை. சொன்னால் பேச்சு அதைப் பற்றியே ஓடிவிடும். பத்தொன்பது ஆண்டுகள் அங்கே தொண்டு செய்திருக்கிறேன். நாற்காலி அடுக்குவது, கணக்கு எழுதுவது, புதிதாக வருபவர்களை அழைத்துப்போய் உட்கார வைப்பது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, பிடித்துத்தான் செய்தேன்.

ஏழு மாதத்துக்கு முன் அப்பா இறந்துபோனார். இறுதிச் சடங்குக்கு ஆள் கேட்டபோது, அப்பாவின் சந்தா இரண்டு ஆண்டாக நிலுவையில் இருக்கிறது, அதை முடித்துவிட்டால் உடனே வருகிறோம் என்றார்கள். அந்த இரண்டு ஆண்டும் அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். அது அவர்களுக்கும் தெரியும். ஒருவர் ரசீதுப் புத்தகத்தோடு வந்து வாசலில் உட்கார்ந்தார். கார்பன் தாளை ஓரம் பார்த்து வைத்து, நிதானமாக எழுதி, கிழித்துக் கொடுத்தார். அந்தப் புத்தகத்தை அச்சடிக்கக் கொடுத்து, பக்கம் பக்கமாக எண் குத்தியது நான்தான். வாங்கிப் பார்த்தபோது எண் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதுவும் என் கைவேலைதான்.

பணம் கொடுத்தேன், சடங்கு நடந்தது. அதற்குப் பிறகு நான் அங்கே காலெடுத்து வைக்கவில்லை.

முதலில் இது வெறும் கோபம் என்றுதான் நினைத்தேன். கோபம் ஆறிய பிறகுதான் மற்றவை ஒவ்வொன்றாகத் தலைதூக்கின. வேறு மதத்தில் பிறந்த நல்லவர்களுக்குக் கதியில்லை என்று சொன்னதை இத்தனை ஆண்டு எப்படித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்? பெண்கள் ஏன் முன்னால் நின்று வழிபாட்டை நடத்தக் கூடாது? கேள்வி கேட்டவர்களை நம்பிக்கை குறைந்தவர்கள் என்று ஒதுக்கியபோது நானும் சேர்ந்துதானே ஒதுக்கினேன்?

ஆனால் கடவுள் இல்லை என்று எனக்குத் தோன்றவில்லை. ராத்திரி படுக்கும்போது கை தானாகக் குவிகிறது. யாரிடம் பேசுகிறேன் என்று தெரியாமலேயே பேசுகிறேன். எல்லோரும் சேர்ந்து பாடும்போது என் குரல் மற்றவர்கள் குரலில் கரைந்துபோகுமே, அது இல்லாமல் ஏங்குகிறேன்.

தனியாக ஒருவர் ஆன்மிக வாழ்க்கை வாழ முடியுமா? இல்லை, நான் செய்வது பாதி வழியில் நின்றுகொண்டு அதையே வழி என்று சொல்வதா? அப்புறம், அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது?

——

பழையவாசகன் எழுதியது:

தம்பி, அப்பாவுக்கு என் அஞ்சலி. அந்த வாசல் காட்சியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

இரண்டு விஷயத்தை நீங்கள் ஒரே முடிச்சாகப் போட்டிருக்கிறீர்கள். ஒன்று, மனிதர்கள் உங்களுக்குச் செய்தது. இன்னொன்று, அந்த மதம் சொல்வது உண்மையா என்ற கேள்வி. முதலாவது நடக்காமலே இருந்திருந்தாலும் இரண்டாவது வந்திருக்குமா? வந்திருக்கும் என்றால் உங்கள் விலகலுக்குச் சொந்தக் கால் இருக்கிறது. வந்திருக்காது என்றால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். காயம் ஆறுவதற்குள் எடுக்கும் முடிவு பெரும்பாலும் காயத்தின் முடிவாகத்தான் இருக்கும்.

——

நிலைநின்றவன் எழுதியது:

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா? ஒரு நிர்வாகி செய்த தவறுக்கு மொத்த மதத்தையும் தூக்கி எறிவது சரியில்லை. இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அதே மதத்தில் நல்ல இடங்கள் எத்தனையோ இருக்கின்றன.

——

தனிநடை எழுதியது:

@நிலைநின்றவன், நீங்கள் நல்ல எண்ணத்தோடு சொல்கிறீர்கள் என்று புரிகிறது. ஆனால் நான் வீட்டைக் கொளுத்தவில்லை. வெளியே வந்து நிற்கிறேன், அவ்வளவுதான். உள்ளே அம்மா இருக்கிறார், நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இன்றும் வேண்டிக்கொள்கிறேன்.

@பழையவாசகன் ஐயா, உங்கள் கேள்வியை இரண்டு நாளாகச் சுமந்துகொண்டிருந்தேன். வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். மெதுவாக வந்திருக்கும். இன்னும் பத்து ஆண்டு நாற்காலி அடுக்கிய பிறகு வந்திருக்கும்.

——

நீலக்கல் எழுதியது:

நான் வெளியே வந்து பதினோரு ஆண்டு ஆகிறது. அதனால் தத்துவத்தை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதல் ஆண்டில் எனக்குக் காணாமல் போனது கடவுள் அல்ல, கிழமை. வாரத்தில் ஒரு நாள் மற்ற நாட்களிலிருந்து பிரிந்து நிற்கும். ஆண்டில் சில நாட்களுக்கென்று ஒரு கனம் இருக்கும். அது போனதும் எல்லா நாளும் ஒரே மாதிரி ஆகிவிட்டது. மதம் என்பது நம்பிக்கைகளின் பட்டியல் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது காலத்தை மடித்து வைக்கும் ஒரு முறையும்கூட என்பது இழந்த பிறகுதான் உறைத்தது.

இரண்டாம் ஆண்டில் கண்ணில் பட்டதையெல்லாம் பிடித்தேன். மூச்சுப் பயிற்சி, மந்திரம், மௌன முகாம், கைபேசியில் மணியடிக்கும் தியானச் செயலி. ஒன்று பிடித்தால் மூன்று வாரம், அது வறண்டதும் அடுத்தது. ஒரு முகாமில் ஐந்தாம் நாள், அடுத்த நிலைக்குப் போக வேண்டுமானால் இவ்வளவு கட்ட வேண்டும் என்று ஒரு தாளை நீட்டினார்கள். அங்கும் குருவைக் கேள்வி கேட்டவர்களை ‘இன்னும் பக்குவப்படாதவர்கள்’ என்றார்கள். நான் விட்டு வந்த இடத்தில் வேறு வார்த்தையில் சொன்னது அதுதான். மதம் இல்லை, ஆன்மிகம் மட்டும்தான் என்று சொல்லும் இடத்திலும் இதைக் கவனியுங்கள் தம்பி: கேள்விக்கு அங்கே என்ன மரியாதை, வெளியேறியவர்களைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள், வரவு செலவை யார் பார்க்கலாம். இந்த மூன்றையும் பார்த்தால் போதும், பெயர்ப் பலகையைப் படிக்க வேண்டியதில்லை.

மூன்றாம் ஆண்டில்தான் ஓடுவதை நிறுத்தினேன். காலையில் இருபது நிமிடம், ஒரே இடம், ஒரே பாய். முதல் பத்து நிமிடம் வெறுமனே உட்கார்ந்திருப்பேன். அடுத்த பத்து நிமிடம் யாரை நினைத்து மனசு கனக்கிறதோ அவர்களை ஒவ்வொருவராக நினைத்துக்கொள்வேன். அவ்வளவுதான். வறண்ட நாளிலும் அதே இருபது நிமிடம். பெரும்பாலான நாள் வறண்ட நாள்தான், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

தனியாக முடியுமா என்றால், முடியும். ஆனால் உங்களுக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கிக்கொள்ளும் வசதி இதில் இருக்கிறது பாருங்கள், அதுதான் இந்த வழியின் பெரிய ஆபத்து.

——

கூர்நோக்கு எழுதியது:

மரியாதையோடு ஒரு கேள்வி. இவ்வளவு தூரம் வந்த பிறகு ஆன்மிகம் என்ற சொல் எதற்கு? ஒழுக்கமாக வாழ அது தேவையில்லை. இருபது நிமிடம் உட்காருவதால் மனம் அமைதியாகிறது, நல்லது. அதற்கு மேல் ஒரு பெயர் வைப்பானேன்?

தனிநடை, நீங்கள் தனி ஆள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2024 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கைப்படி வயதுவந்தோரில் 28 சதவீதம் பேர் எந்த மதத்தையும் சேராதவர்கள். அந்த 28 சதவீதத்துக்குள் தன்னை நாத்திகர் என்று சொன்னவர்கள் 17 சதவீதம்தான். 63 சதவீதம் பேர் ‘குறிப்பாக எதுவும் இல்லை’ என்ற பதிலைத் தேர்ந்தவர்கள். மதத்தை விட்டவர்களெல்லாம் கடவுளையும் விட்டுவிடுகிறார்கள் என்பது அங்கேயே பொய்யாகிவிட்டது. எனக்கு அதில் வருத்தம்தான் என்றாலும், தகவல் தகவல்தான்.

——

நீலக்கல் எழுதியது:

@கூர்நோக்கு, நியாயமான கேள்வி. என் அனுபவத்தில் பதில் இது: அமைதிக்காக உட்கார்ந்தால் அமைதி கிடைக்காத நாளில் எழுந்துவிடுவேன். நான் எழுந்திருப்பதில்லை. யாருக்கோ கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது போல இருக்கிறது. அந்த ‘யாரோ’ யார் என்று எனக்குத் தெரியாது. அதற்கு ஆன்மிகம் என்பதைவிடப் பொருத்தமான சொல் உங்களிடம் இருந்தால் வாங்கிக்கொள்கிறேன்.

——

வேர்கள் எழுதியது:

இந்த இழையில் எல்லோரும் வெளியே போனதைப் பற்றியே பேசுகிறீர்கள். உள்ளேயே இருப்பவள் ஒருத்தி பேசலாம் இல்லையா?

என் மகன் ஆறு வயதில் நாற்பத்தொரு நாள் மருத்துவமனையில் கிடந்தான். அந்த நாட்களில் எனக்குப் பிரார்த்தனையே வரவில்லை. வாயைத் திறந்தால் அழுகை வரும், இல்லாவிட்டால் வெறுப்பு வரும். கடவுளைத் திட்டினேன். எங்கள் வழிபாட்டுக் குழுவிலிருந்து ஒரு தாளில் பெயர் எழுதி, முறை போட்டு, ஒவ்வொரு ராத்திரியும் இரண்டு பேர் வந்து வராந்தாவில் உட்கார்ந்தார்கள். நான் வெறுப்போடு உட்கார்ந்திருக்கும்போது எனக்குப் பதில் அவர்கள் பிரார்த்தனை செய்தார்கள். அதில் ஒருவர், வெளியே பார்த்தால் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத மனிதர். பதினேழாம் நாள் ராத்திரி அவர்தான் என் மகனின் காலைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்றார்.

அந்த நிர்வாகத்திலும் ரசீதுப் புத்தகம் உண்டு, சண்டை உண்டு, பெண்களைப் பேசவிடாத வழக்கம் உண்டு. அதற்காக உள்ளே இருந்தே நான் பதினைந்து ஆண்டாகச் சண்டை போடுகிறேன். போன ஆண்டுதான் முதல் தடவையாக ஒரு பெண் முன்னால் நின்று வாசித்தாள்.

தம்பி, உங்கள் அப்பாவுக்கு நடந்தது பாவம்தான். அதை நான் மழுப்ப மாட்டேன். ஆனால் தனி வழி என்று போகிறவர்கள் எனக்கு ஒன்று சொல்லுங்கள். உங்களால் பிரார்த்தனை செய்ய முடியாத நாளில் உங்களுக்காக யார் செய்வார்கள்? மருத்துவமனை வராந்தாவில் யார் முறை போட்டு உட்காருவார்கள்?

——

தனிநடை எழுதியது:

@வேர்கள் அக்கா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. நானும் அப்படி முறை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பல பேருக்கு. அப்பாவுக்கு மட்டும் யாரும் வரவில்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை போலிருக்கிறது. இதை எழுதும்போதுதான் எனக்கே தெரிகிறது.

——

வேர்கள் எழுதியது:

அழுதுவிட்டேன் தம்பி. இன்று ராத்திரி உங்கள் அப்பாவை நினைத்துக்கொள்கிறேன். பெயர் வேண்டாம், அப்பா என்றே சொல்லிக்கொள்கிறேன்.

——

பழையவாசகன் எழுதியது:

வேர்கள் அம்மா கேட்ட கேள்வியைச் சுற்றித்தான் இந்த விஷயத்தின் வரலாறே நடந்திருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமைப்பு ஏன் உண்டாகிறது? தொடக்கத்தில் ஒரு மனிதர், அவரைச் சுற்றி ஒரு வெப்பம். அவர் போன பிறகு அந்த வெப்பத்தைக் காக்க விதி வேண்டும், விதியைக் காக்கப் பதவி வேண்டும், பதவிக்குச் சந்தா வேண்டும். ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் இந்த மாற்றத்தை விரிவாக ஆராய்ந்தார். கெட்டவர்கள் வந்து கெடுத்தார்கள் என்பது பாதிக் கதைதான். காக்க வேண்டும் என்ற நல்ல எண்ணமும் கடைசியில் ரசீதுப் புத்தகத்தில் வந்து நிற்கும்.

ஜே. கிருஷ்ணமூர்த்தியைப் பாருங்கள். அவரை உலக குரு என்று அறிவித்து, அவருக்காகவே ஒரு நட்சத்திர சங்கத்தைக் கட்டி வைத்திருந்தார்கள். 1929 ஆகஸ்ட் 3 அன்று நெதர்லாந்தின் ஓம்மன் என்ற ஊரில் நடந்த முகாமில், சுமார் மூவாயிரம் உறுப்பினர்கள் முன்னால் அவரே அதைக் கலைத்தார். உண்மைக்கு அமைப்பின் மூலமாகப் போக முடியாது என்பது அவர் வாதம். எனக்கு அந்தத் துணிவின் மேல் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் பின்னாளில் அவர் பேச்சுகளைக் காக்கவும் பள்ளிகளை நடத்தவும் அறக்கட்டளைகள் தேவைப்பட்டன. அமைப்பை ஒரு வாசலில் அனுப்பினால் இன்னொரு வாசலில் வரும்.

தத்துவ அறிஞர் ஸ்பினோசா வேறு மாதிரி. அவர் விலகினார் என்பதைவிட விலக்கினார்கள் என்பதுதான் சரி. 1656 ஜூலை 27, ஆம்ஸ்டர்டாம் யூத சமூகம் அவரைத் தள்ளி வைத்தது. அவரோடு யாரும் பேசக் கூடாது, அருகில் வரக் கூடாது என்று கட்டளை. வயது இருபத்து மூன்று. அதன் பிறகு அவர் வேறு எந்த மதத்திலும் சேரவில்லை. லென்ஸ் தேய்த்துப் பிழைத்தார். ஆனால் கடைசிவரை அவரைச் சுற்றி ஒரு சிறிய நண்பர் கூட்டம் இருந்தது, கடிதங்கள் போய்வந்துகொண்டே இருந்தன. தனி மனிதர், ஆனால் ஆளில்லாதவர் அல்ல. தனிநடை, இந்த வித்தியாசத்தை நான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நம் மொழிக்கே வந்தால் வள்ளலார். அவர் ஒரே நாளில் எதையும் உதறவில்லை. சைவத்தில் ஊறியவர். 1865-இல் சங்கம், 1867-இல் வடலூரில் தருமச்சாலை, 1872-இல் ஞான சபை என்று படிப்படியாக நகர்ந்தார். 1873 அக்டோபரில், ஐம்பதாம் வயதில், மேட்டுக்குப்பத்தில் பேசியபோதுதான், தமக்கு முன்பு சைவத்தின்மேல் இருந்த பற்று அளவு சொல்ல முடியாதது என்றும் அந்தப் பற்றைத் தாம் விட்டுவிட்டதையும் கூட்டத்தின் முன் திறந்து சொன்னார். பழைய பற்றை அவர் மறைக்கவும் இல்லை, அதற்காக வெட்கப்படவும் இல்லை. வெளியே போனவர் பசித்தவர்களுக்கு ஓர் அடுப்பையும் ஏற்றிவைத்துவிட்டுப் போனார். அது இன்றும் எரிகிறது. வேர்கள் அம்மா கேட்ட வராந்தாவுக்கு அவர் வைத்த பதில் அதுதான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. சொந்த வழி தேடுபவர்கள் எல்லோரும் புத்தர் காலாமர் என்ற மக்களுக்குச் சொன்னதை எடுத்துக்காட்டுவார்கள்: மரபு என்பதால் நம்பாதே, நூலில் இருப்பதால் நம்பாதே, குரு சொன்னார் என்பதால் நம்பாதே. அதோடு நிறுத்திவிடுவார்கள். அந்த உரையில் அடுத்து வருவதையும் படிக்க வேண்டும். ஒன்றைக் கடைப்பிடித்தால் தீங்கு வருகிறதா, நன்மை வருகிறதா என்று நீயே பார்; அறிவுடையோர் அதைப் பழிக்கிறார்களா, புகழ்கிறார்களா என்றும் பார் என்கிறார். ‘எனக்குச் சரியென்று பட்டது’ என்பது அங்கே போதுமான அளவுகோல் அல்ல. உன்னைவிடத் தெளிந்த ஒரு கண் உன்னைப் பார்க்க வேண்டும்.

நீலக்கல் சொன்ன ஆபத்து இதுதான். சமூகவியலாளர் ராபர்ட் பெல்லாவும் மற்றவர்களும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு நூலில் ஓர் இளம் செவிலியர் வருகிறார். தன் நம்பிக்கைக்கு அவர் தன் பெயரையே வைத்துக்கொண்டார். தன் உள்ளே கேட்கும் சின்னக் குரல்தான் தன் மதம் என்றார். பலர் அவரைக் கேலி செய்தார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. அவர் நேர்மையாகப் பேசியிருக்கிறார். ஆனால் அந்தக் குரல் தப்பாகச் சொல்லும் நாளில் யார் திருத்துவார் என்ற கேள்வி நிற்கத்தான் செய்கிறது.

——

புதுஇலை எழுதியது:

எனக்கு இருபது வயது, பெற்றோரோடு இருக்கிறேன், படிப்புச் செலவு அவர்களுடையது. நம்பிக்கை போய் இரண்டு ஆண்டு ஆகிறது. வாரம் தவறாமல் கூடவே போய் நிற்கிறேன். தினமும் பொய் சொல்வது போல இருக்கிறது. நான் கோழையா?

——

நீலக்கல் எழுதியது:

கோழை இல்லை கண்ணா. சொல்லாமல் இருப்பது வேறு, பொய் வேறு. மதத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை 1948 மனித உரிமைப் பிரகடனத்தின் 18-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. ஆனால் உரிமை இருக்கிறது என்பதற்காக இன்றைக்கே வாய் திறக்க வேண்டும் என்றில்லை. சொன்னால் தங்க இடமும் படிப்பும் பறிபோகுமா என்று முதலில் பார். போகும் என்றால் உன் காலில் நிற்கும்வரை காத்திரு. அங்கே நிற்கும் நேரத்தை வீணாக்காதே. உன் பக்கத்தில் நிற்பவர்கள் எதற்காக ஏங்கி வந்து நிற்கிறார்கள் என்று பார். தாங்க முடியாமல் போனால் எனக்குத் தனிமடல் போடு.

——

பழையவாசகன் எழுதியது:

தனிநடை, இங்கே ஒன்று செய்து பார்க்கலாமா? 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கிய குவேக்கர் இயக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அவர்களின் பல கூட்டங்களில் குருவும் இல்லை, பிரசங்கமும் இல்லை. எல்லோரும் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பெரிய முடிவு எடுக்கத் தவிக்கும்போது சிலர் கூடி அவரோடு உட்காருவார்கள். அறிவுரை சொல்லக் கூடாது. கேள்வி மட்டும்தான். அதிலும் பதிலை உள்ளே ஒளித்து வைத்த கேள்வி கூடாது. இந்த இழையில் நாங்கள் அறிவுரை சொல்லிச் சொல்லி உங்களை மூழ்கடித்துவிட்டோம். இனி ஆளுக்கொரு கேள்வி கேட்கிறோம். அவசரமில்லாமல் பதில் எழுதுங்கள்.

என் கேள்வி: கை குவியும்போது என்ன கேட்கிறீர்கள்?

——

கூர்நோக்கு எழுதியது:

நல்ல யோசனை. என் கேள்வி: எது நடந்தால் நீங்கள் திரும்பிப் போவீர்கள்?

——

வேர்கள் எழுதியது:

அம்மா இப்போது யாரோடு போகிறார்?

——

தனிநடை எழுதியது:

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னியுங்கள்.

ஐயா, நான் எதையும் கேட்பதில்லை என்று கண்டுபிடித்தேன். அப்பாவிடம் அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான். கடவுளிடம் பேசுவதாக நினைத்திருந்தேன். இரண்டும் கலந்திருக்கிறது. பிரிக்க முயன்றேன், வரவில்லை, விட்டுவிட்டேன்.

கூர்நோக்கு, யாராவது வந்து ‘நாங்கள் செய்தது தப்பு’ என்று சொன்னால் ஒரு நாள் போய் உட்காருவேன். ஆனால் உறுப்பினராக மாட்டேன். வேறு மதத்துக்காரருக்குக் கதியில்லை என்ற வரியை இனி என் வாயால் சொல்ல முடியாது. உங்கள் கேள்வியால்தான் இது எனக்கு உறுதியானது.

வேர்கள் அக்காவின் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. அம்மா யாரோடும் போகவில்லை. நான் நிறுத்திய மறு வாரமே அவரும் நிறுத்தியிருக்கிறார். முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தார், நானும் நம்பினேன். போய்க் கேட்டேன். “நீ இல்லாம எனக்கு யாருப்பா இடம் பிடிச்சு வைப்பா” என்றார். ஏழு மாதமாக என் கேள்வி, என் வழி என்றே இருந்துவிட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ரசீது விஷயம் அவருக்குத் தெரியாது, அன்றைக்கு உள்ளே இருந்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், கண் சரியாகத் தெரியவில்லை, புத்தகத்திலிருந்து வாசித்துக் காட்டுகிறாயா என்று கேட்டார். இப்போது தினமும் ராத்திரி அவருடைய பிரார்த்தனைப் புத்தகத்தை நான் வாசிக்கிறேன். அவர் கண்ணை மூடிக் கேட்கிறார். முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு இரண்டு பேரும் பத்து நிமிடம் சும்மா உட்காருகிறோம். அந்தப் பத்து நிமிடம் என்னுடையது, நீலக்கல் அக்காவிடமிருந்து எடுத்துக்கொண்டது. அம்மா மறுப்பு சொல்லவில்லை. போன ஞாயிறு முதல் பக்கத்து வீட்டு அம்மா ஒருவரும் வந்து உட்காருகிறார், அவர் வேறு மதம்.

நான் சொல்ல முடியாது என்று மேலே எழுதினேனே, அந்த வரி புத்தகத்தில் பதினான்காம் பக்கத்தில் வருகிறது. முதல் நாள் அதைத் தாண்டிப் போனேன். அம்மாவுக்கு முழுப் புத்தகமும் மனப்பாடம். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாளும் தாண்டினேன். மூன்றாம் நாள் அந்த இடம் வந்தபோது நான் நிறுத்துவதற்கு முன்பே அவர் கையை நீட்டிப் பக்கத்தைத் திருப்பினார்.

——

வேர்கள் எழுதியது:

தம்பி, அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ராத்திரி எத்தனை மணிக்கு உட்காருகிறீர்கள்? அதே நேரத்தில் நானும் இங்கே உட்காருகிறேன்.

——

தனிநடை எழுதியது:

ஒன்பதே கால் அக்கா. சொல்லிவிட்டேன். இடம் பிடித்து வைக்கச் சொன்னார்.